அத்தியாயம் 6: ஃபேன் கண்டென்சரும் வைண்டிங் கம்பியும் – கிராஸ்ஓவருக்குப் பொருள் வாங்குதல்

பெட்டி அறுத்து ஒட்டியாயிற்று. ஊஃபரும் ட்வீட்டரும் கைக்கு வந்தாயிற்று. இனி இரண்டுக்கும் ஒலியைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர்தான் பாக்கி.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதற்குப் பொருள் தேடும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். இணையத்தில் வெளிநாட்டுக் கெப்பாசிட்டரின் விலையைப் பார்த்து மலைத்துப்போய் வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். இல்லையென்றால் கண்ணில் பட்ட ரெடிமேட் போர்டை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. உங்களுக்குத் தேவையான தரமான பொருளில் ஒரு பாதி எலக்ட்ரிக்கல் கடையில் இருக்கிறது. மறுபாதி மோட்டார் காயில் கட்டும் கடையில் இருக்கிறது. தோப்புக்குத் தோப்பு பம்புசெட் ஓடும் குமரி மாவட்டத்தில் இந்த இரண்டு கடைக்கும் பஞ்சமில்லை.

இந்த அத்தியாயத்தின் வழி இதுதான்: முதலில் கடையில் எப்போதும் கிடைக்கும் மதிப்பைப் பாருங்கள், அதற்கு ஏற்றபடி கிராஸ்ஓவர் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள், வாங்கும் ஒவ்வொன்றையும் அளந்து வாங்குங்கள். பொருளின் தரத்தை மீட்டர் சொல்லட்டும், அட்டைப்பெட்டி சொல்ல வேண்டாம்.

## தெரிந்திருக்க வேண்டிய அளவு கோட்பாடு

கெப்பாசிட்டர் மேல்ஸ்தாயியைக் கடத்தும். காயில் கீழ்ஸ்தாயியைக் கடத்தும். நாம் செய்யப்போவது இருவழிக் கிராஸ்ஓவர். ஒவ்வொரு வழியிலும் ஒரு கெப்பாசிட்டர், ஒரு காயில். சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரு பொறியாளர்களின் பெயரில் வழங்கும், 1976-இல் வெளியான முறையின் எளிய வடிவம் இது. கணக்கு இரண்டே வரி:

- கெப்பாசிட்டர் (மைக்ரோஃபாரட்) = 79,600 ÷ (அதிர்வெண் × ஓம்)
- காயில் (மில்லிஹென்றி) = 318.3 × ஓம் ÷ அதிர்வெண்

இதற்கு மேல் கோட்பாடு வேண்டாம்.

## படி 1: கடையில் உள்ள மதிப்பிலிருந்து தொடங்குங்கள்

வீட்டு மின்விசிறிக்குப் போடும் கண்டென்சர் 2.5, 3.15, 4 மைக்ரோஃபாரட் ஆகிய மதிப்புகளில் எளிதாகக் கிடைக்கும். இன்று நல்ல நிறுவனங்கள் விற்கும் ஃபேன் கண்டென்சருக்குள் இருப்பது உலோகம் பூசிய பாலிபுரோப்பிலீன் ஃபிலிம். விலை உயர்ந்த ஸ்பீக்கர் கெப்பாசிட்டர்களுக்குள் இருப்பதும் அதே வகை ஃபிலிம்தான். தாங்கும் மின்னழுத்தம் 440 வோல்ட் ஏ.சி. நம் தேவையோ மிகக் குறைவு: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தாலும் 28 வோல்ட்தான் வரும்.

ஊஃபரும் ட்வீட்டரும் 8 ஓம் என்றால், மூன்று மதிப்புகளுக்கும் பொருந்தும் அதிர்வெண்ணும் காயிலும் இவை:

- 4 மைக்ரோஃபாரட்: 2,500 ஹெர்ட்ஸ், காயில் 1.0 மில்லிஹென்றி
- 3.15 மைக்ரோஃபாரட்: 3,150 ஹெர்ட்ஸ், காயில் 0.8 மில்லிஹென்றி
- 2.5 மைக்ரோஃபாரட்: 4,000 ஹெர்ட்ஸ், காயில் 0.64 மில்லிஹென்றி

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. ட்வீட்டரின் தகவல் தாளில் ஒத்ததிர்வு எண்ணைப் பாருங்கள். கிராஸ்ஓவர் அதிர்வெண் அதைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். 1,200 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் 2,500 சரி.
2. தகவல் தாளே இல்லாத காகிதக் கூம்பு ட்வீட்டர் என்றால் 4,000-க்குக் கீழே இறங்காதீர்கள்.
3. ஊஃபர் 5 முதல் 6½ அங்குலம் என்றால் 2,500 அல்லது 3,150. 4,000 ஹெர்ட்ஸ், 4 அங்குல ஊஃபருக்குத்தான் நன்றாகப் பொருந்தும்.
4. மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு ஸ்பீக்கரையும் அளந்து பாருங்கள். 5.5 முதல் 7 வரை காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். 3 முதல் 3.5 வரை காட்டினால் 4 ஓம். 4 ஓம் என்றால் கெப்பாசிட்டரை இரு மடங்காக்கி, காயிலைப் பாதியாக்குங்கள்.

கவனம்: மைக் செட்டுகளில் வரும் பீசோ ட்வீட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இனி வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் 2,500 ஹெர்ட்ஸ், 8 ஓம் கணக்கில். இடம், வலம் என இரண்டு பெட்டிக்கும் சேர்த்துப் பட்டியல்:

- 4 மைக்ரோஃபாரட் ஃபேன் கண்டென்சர்: தேவை 4, வாங்க வேண்டியது 6
- 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி: 600 கிராம்
- 20 கேஜ் எனாமல் செம்புக் கம்பி: 300 கிராம்
- 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர்: 2.2, 3.9, 8.2, 22 ஓம், ஒவ்வொன்றிலும் 2
- பலகை, பித்தளைத் திருகு, ஒயர், ஈயம், நைலான் டை

## படி 2: கடைக்குப் போகுமுன் மீட்டர்

இந்த அத்தியாயத்தில் முதலில் காசு செலவழிக்க வேண்டிய பொருள் இதுதான்.

1. மல்டிமீட்டர்: கெப்பாசிட்டர் அளக்கும் ரேஞ்ச் உள்ளதாக வாங்குங்கள். அந்த ரேஞ்ச் குறைந்தது 20 மைக்ரோஃபாரட் வரை போக வேண்டும்.
2. காயில் அளக்கும் கருவி: எல்.சி.ஆர். மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 'டிரான்சிஸ்டர் டெஸ்டர்' என்ற பெயரில் விற்கும் சிறிய பேட்டரிக் கருவி போதும். அது 0.01 மில்லிஹென்றி வரை காட்டும்.
3. சிறு காந்தம்: பழைய ஹெட்போனில் இருந்து கழற்றியதுகூடப் போதும். எதற்கு என்று படி 5-இல் தெரியும்.

## படி 3: கெப்பாசிட்டர் வாங்குதல்

கடையில் 'கண்டென்சர்' என்றே கேளுங்கள். "அண்ணாச்சி, 4 மைக்ரோ ஃபேன் கண்டென்சர் ஆறு வேணும். ஆறும் ஒரே கம்பெனியா, ஒரே லாட்டா குடுங்க. மீட்டர் வச்சுப் பாத்துட்டு எடுத்துக்கிடுதேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் பேச்சு வளராது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போங்கள்.

கவுண்டரில் பார்க்க வேண்டியவை, வரிசையாக:

1. எழுத்து: 'எம்.பி.பி.' என்ற குறி, 440 வோல்ட் ஏ.சி., ± 5 சதவீதம், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 2993 என்ற தர எண். கெல்ட்ரான், எப்காஸ், டிப்கான், ஹேவல்ஸ் போன்ற பெயர்களை எலக்ட்ரிக்கல் கடைக்காரர்கள் அறிவார்கள். கெல்ட்ரானின் கெப்பாசிட்டர் ஆலை இருப்பது கேரளத்துக் கண்ணூரில்.
2. கம்பி: கூட்டிலிருந்து இரண்டு கம்பி மட்டும் வெளியே வர வேண்டும். மூன்று, நான்கு கம்பி வந்தால் அது ஃபேன் ரெகுலேட்டருக்கானது. உள்ளே பல மதிப்புகளும் ரெசிஸ்டரும் இருக்கும். வேண்டாம்.
3. உடல்: உப்பல், விரிசல், அடியில் ஊற்றிய பிசினில் ஓட்டை இருக்கக் கூடாது.
4. அளவு: மீட்டரில் 3.8 முதல் 4.2 வரை காட்டினால் எடுக்கலாம்.
5. ஜோடி: ஆறில் மதிப்பு ஒட்டிவரும் நான்கைப் பிரியுங்கள். ட்வீட்டருக்குத் தொடராக வரும் இரண்டும் ஒன்றுக்கொன்று 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இரண்டும் 4.1 என்றால் கவலையில்லை, ஒன்று 3.8, மற்றொன்று 4.2 என்றால் இரண்டு பெட்டியும் வேறு வேறு மாதிரி ஒலிக்கும்.

குறிப்பு: 4 கிடைக்காவிட்டால் 2.5-உம் 1.5-உம் வாங்கி இணையாகச் சேருங்கள். இணையாகச் சேர்க்கும்போது மதிப்பு கூடும்.

### எவற்றை வாங்கக் கூடாது

- கழற்றிய பழைய ஃபேன் கண்டென்சர். ஃபிலிமில் சிறு பழுது ஏற்படும்போதெல்லாம் அந்த இடத்து உலோகப் பூச்சு ஆவியாகித் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அப்படி ஒவ்வொரு முறையும் மதிப்பு கொஞ்சம் குறையும். வீட்டில் ஃபேன் வரவரச் சோம்பலாகச் சுற்றுவதற்கு ஒரு காரணம் இதுதான்.
- மோட்டார் ஸ்டார்ட் கண்டென்சர். '80–100' என்று மதிப்பை வரம்பாகப் போட்டிருந்தால் அது எலக்ட்ரோலிட்டிக். சில விநாடி வேலைக்காகச் செய்தது.
- ஒரு பக்கம் மைனஸ் கோடு போட்ட எலக்ட்ரோலிட்டிக். ஸ்பீக்கருக்குப் போவது மாறுதிசை மின்னோட்டம். இது அதைத் தாங்காது.

### எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினால்

ஃபிலிம் கெப்பாசிட்டரின் மேல் மூன்று இலக்கக் குறியீடு இருக்கும். 105 என்றால் 1, 225 என்றால் 2.2, 335 என்றால் 3.3, 475 என்றால் 4.7 மைக்ரோஃபாரட். பின்னால் வரும் ஆங்கில எழுத்து துல்லியத்தைச் சொல்லும்: 'ஜே' 5 சதவீதம், 'கே' 10 சதவீதம், 'எம்' 20 சதவீதம். 'ஜே' கேளுங்கள். மின்னழுத்தம் 100 வோல்ட் இருந்தாலே போதும்.

பாலிபுரோப்பிலீன் கிடைக்காவிட்டால் பாலியெஸ்டர். அதுவும் இல்லாவிட்டால் 'நான்–போலார்' எலக்ட்ரோலிட்டிக். கடைசி வகையை ஊஃபர் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ட்வீட்டருக்குத் தொடராகப் போவது ஃபிலிமாகவே இருக்கட்டும். காசைச் சுருக்க வேண்டுமென்றாலும் இந்த ஓர் இடத்தில் சுருக்காதீர்கள்.

## படி 4: கம்பி வாங்கிக் காயில் சுற்றுதல்

ரெடிமேட் காயிலை வெளியூரிலிருந்து வரவழைத்தால் செம்பின் எடைக்கும் சேர்த்துக் கூரியர் கொடுக்க வேண்டும். எனாமல் கம்பியை உங்கள் ஊர் வைண்டிங் கடையே எடைக்கு விற்கும். 18 கேஜ் செம்புக் கம்பி ஒரு கிலோவுக்குச் சுமார் 95 மீட்டர் வரும்.

### கம்பி செம்புதானா?

மோட்டார், ஃபேன் வேலைக்கு அலுமினியக் கம்பியும் புழங்குகிறது. செம்பு பூசிய அலுமினியமும் வருகிறது. எனாமல் போட்டபின் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. மூன்று சோதனை:

1. நுனியை வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவரை செம்பு நிறம் இருக்க வேண்டும்; வெள்ளையாக மின்னினால் அலுமினியம்.
2. பிளேடால் எனாமலைச் சுரண்டி ஈயம் வைத்துப் பாருங்கள். செம்பில் உடனே பரவும். அலுமினியத்தில் உருண்டு விழும்.
3. கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே நீளத்துக்கு அலுமினியம், செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

கழற்றிய பழைய மோட்டார்க் கம்பியை எடைக்கு வாங்காதீர்கள். எனாமல் எங்காவது உரிந்திருக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டு மதிப்பு கெட்டுவிடும்.

### சுற்றும் அச்சு

1. 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாயில் சரியாக 25 மி.மீ. நீளத் துண்டு அறுத்துக்கொள்ளுங்கள்.
2. இருபுறமும் 70 மி.மீ. விட்டத்தில் மெல்லிய பிளைவுட் வட்டம் வையுங்கள்.
3. நடுவே ஒரு நீளப் போல்ட் விட்டு நட்டால் இறுக்குங்கள். சுற்றி முடித்தபின் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இரும்பு உள்ளே இருந்தால் காயிலின் மதிப்பு மாறிவிடும்.

### எத்தனை சுற்று?

இந்த அச்சில், சுற்றுகளை அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்றினால், 1928-இல் ஹரால்ட் வீலர் தந்த சூத்திரப்படி வருபவை:

- 1.0 மில்லிஹென்றி, 18 கேஜ்: சுமார் 178 சுற்று, 25 மீட்டர், 260 கிராம், தடை 0.37 ஓம்
- 0.8 மில்லிஹென்றி, 18 கேஜ்: சுமார் 160 சுற்று, 22 மீட்டர், 230 கிராம், தடை 0.32 ஓம்
- 0.64 மில்லிஹென்றி, 18 கேஜ்: சுமார் 144 சுற்று, 19 மீட்டர், 200 கிராம், தடை 0.28 ஓம்
- 1.0 மில்லிஹென்றி, 20 கேஜ்: சுமார் 185 சுற்று, 23 மீட்டர், 135 கிராம், தடை 0.6 ஓம்

ஊஃபருக்குத் தொடராக வரும் காயிலில் தடை குறைவாக இருக்க வேண்டும். அங்கே 18 கேஜ். ட்வீட்டருக்கு இணையாக வரும் காயிலுக்கு 20 கேஜ் போதும்; செம்பில் பாதி மிச்சம்.

### சுற்றும் வரிசை

1. கம்பியின் நுனியை வட்டத்தில் இட்ட துளை வழியாக 15 செ.மீ. வெளியே விடுங்கள்.
2. கணக்கைவிட 10 சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். ஒவ்வோர் அடுக்கும் முடிந்ததும் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள்.
3. போல்ட்டை உருவுங்கள். இரு நுனியிலும் எனாமலைப் பிளேடால் சுரண்டுங்கள். தீயில் பொசுக்காதீர்கள், புகை கெடுதல், கம்பியும் இளகிவிடும்.
4. அளந்து பாருங்கள். அதிகமாக இருந்தால் இரண்டிரண்டு சுற்றாகப் பிரித்து மீண்டும் அளங்கள். 1.0 வந்ததும் வெட்டுங்கள்.
5. இரண்டாவது காயிலை முதலாவதன் மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். 2 சதவீத வித்தியாசம் வரை பரவாயில்லை.
6. நான்கு இடத்தில் நைலான் டை போட்டு இறுக்குங்கள்.

குறிப்பு: வைண்டிங் கடையில் சுற்றை எண்ணும் மீட்டருடன் கைச்சுற்று எந்திரம் இருக்கும். அச்சையும் சுற்று எண்ணிக்கையையும் கொடுத்துக் கூலிக்குச் சுற்றித் தரச் சொல்லலாம். சுற்றி, அளந்து, சரிசெய்த பிறகு மோட்டாருக்குப் போடும் வார்னிஷில் முக்கி எடுத்துத் தரவும் கேளுங்கள். காயில் அதிர்ந்து ரீங்கரிப்பது நிற்கும்; குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கும் அது கவசம். வார்னிஷ் நன்றாகக் காயும் முன் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

## படி 5: ரெசிஸ்டரும் சில்லறைப் பொருளும்

ட்வீட்டர் ஊஃபரைவிடச் சத்தமாக இருந்தால் ரெசிஸ்டர் வைத்துக் குறைக்க வேண்டும். வெள்ளைச் சிமென்ட் உடலுள்ள, உள்ளே கம்பி சுற்றிய 10 வாட் வகையை வாங்குங்கள்.

- 3 டெசிபெல் குறைக்க: தொடராக 2.2 ஓம், ட்வீட்டருக்கு இணையாக 22 ஓம்
- 6 டெசிபெல் குறைக்க: தொடராக 3.9 ஓம், ட்வீட்டருக்கு இணையாக 8.2 ஓம்

எது தேவை என்பதைப் பெட்டி பாடிய பிறகே முடிவு செய்ய முடியும். அதனால் நான்கு மதிப்பும் கைவசம் இருக்கட்டும்.

இப்போது காந்தத்தை எடுங்கள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டரின் கால்களில் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. கடற்கரைக் காற்றும் சேர்ந்தால் வெட்டிய நுனியில் துரு ஏறும். வேறு கிடைக்காவிட்டால் வாங்கலாம். ஈயம் வைத்தபின் நுனிகளில் வார்னிஷ் தடவிவிடுங்கள்.

மற்றவை:

- பலகை: மர மில்லில் கிடைக்கும் ஆயினித் துண்டு அல்லது 9 மி.மீ. பிளைவுட்.
- திருகு: பித்தளை மட்டும். காயில் அருகே இரும்புத் திருகு கூடாது.
- ஒயர்: வீட்டு வயரிங்குக்கு வரும் 1.5 சதுர மி.மீ. பலபுரிச் செம்பு ஒயர். ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக வாங்க வேண்டியதில்லை.
- ஈயம்: 60/40 வகை, உள்ளே ஃபிளக்ஸ் உள்ளது.

## ரெடிமேட் போர்டு வாங்கலாமா?

'400 வாட்' என்று அச்சிட்ட போர்டு மலிவாகக் கிடைக்கும். வாங்கத் தோன்றினால் மூன்றைப் பாருங்கள். காயில் விரல் நுனி அளவு ஃபெரைட் துண்டில் சுற்றியதா? கெப்பாசிட்டரில் மைனஸ் கோடு இருக்கிறதா? எந்த ஓமுக்கு, எந்த அதிர்வெண்ணுக்கு என்று எழுதியிருக்கிறதா? முதல் இரண்டுக்கு 'ஆம்', மூன்றாவதுக்கு 'இல்லை' என்று வந்தால் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் ஸ்பீக்கர் எதுவென்று அந்தப் போர்டுக்குத் தெரியாது.

## எங்கே போவது

உள்ளூரில்: நாகர்கோவிலின் எலக்ட்ரிக்கல் கடைகள், வைண்டிங் கடைகள். மேற்கே இருப்பவர்களுக்குத் தக்கலை, மார்த்தாண்டம். பட்டியலில் கண்டென்சர், கம்பி, ஒயர், திருகு எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். பழுதான பெட்டிகளில் பெரிய காற்றுக்கருக் காயில் கிடப்பதுண்டு. அளந்து வாங்குங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா (டிசம்பர் 3-இல் முடியும்), மண்டைக்காடு மாசிக் கொடை நடக்கும் நாள்களில் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். அது கழிந்து போங்கள்.

திருவனந்தபுரம்: நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ்ஸில் சுமார் 70 கி.மீ. உள்ளூரில் கிடைக்காத சிமென்ட் ரெசிஸ்டர், ஃபிலிம் கெப்பாசிட்டருக்கு ஒரு நாளில் போய்த் திரும்பலாம். இன்னும் வடக்கே போக நேர்ந்தால் எறணாகுளம் பள்ளிமுக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பெயர்போன இடம்.

சென்னை ரிச்சி தெரு: அண்ணா சாலைக்கு அருகே. டெஸ்டர், மீட்டர், ட்வீட்டர் உட்பட எல்லாம் கிடைக்கும். வேறு வேலையாகச் சென்னை போகும்போது பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தனியாகப் போக வேண்டியதில்லை. அங்கே வாங்கினால் கவுண்டரிலேயே அளங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பியபின் மாற்றுவது நடக்காது.

இணையம்: திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்று பார்த்து வாங்குங்கள். பொருள் வந்த அன்றே அளந்துவிடுங்கள்.

## படி 6: சேர்க்கும் முன்னும் பின்னும் சோதனை

இணைப்பு வரிசை:

1. ஊஃபர் வழி: ஆம்ப் பிளஸ், 18 கேஜ் காயில், ஊஃபர் பிளஸ். ஊஃபரின் இரு முனைக்கும் குறுக்கே 4 மைக்ரோஃபாரட். ஊஃபர் மைனஸ், ஆம்ப் மைனஸுக்கு.
2. ட்வீட்டர் வழி: ஆம்ப் பிளஸ், 4 மைக்ரோஃபாரட், அடுத்து ட்வீட்டர். கெப்பாசிட்டர் தாண்டிய இடத்திலிருந்து ஆம்ப் மைனஸுக்கு 20 கேஜ் காயில். ரெசிஸ்டர் வைப்பதானால் காயிலுக்கும் ட்வீட்டருக்கும் நடுவில்.
3. ட்வீட்டரை மாற்றிப் போடுங்கள். பிளஸ் போக வேண்டிய இடத்தில் மைனஸ். இந்த வகைக் கிராஸ்ஓவருக்கு அதுதான் சரி.
4. ஒரே பலகையில் வரும் இரண்டு காயிலையும் குறைந்தது 10 செ.மீ. தள்ளி, ஒன்றைப் படுக்கவைத்து மற்றொன்றை நிமிர்த்தி வையுங்கள். ஊஃபரின் காந்தத்துக்கு அருகே வேண்டாம்.

ஆம்ப் இணைக்கும் முன் மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துக் கிராஸ்ஓவரின் உள்ளீட்டில் அளங்கள்:

- ஸ்பீக்கர் எதுவும் இணைக்காதபோது இணைப்பே காட்டக் கூடாது.
- ஊஃபரை இணைத்ததும் 6 முதல் 7.5 ஓம் வரை காட்ட வேண்டும்.
- ட்வீட்டரையும் இணைத்தபின் அந்த எண் மாறக் கூடாது. மாறினால் ட்வீட்டர் கெப்பாசிட்டரைத் தாண்டி நேர் இணைப்பு இருக்கிறது.
- எந்தக் கட்டத்திலாவது 1 ஓமுக்குக் கீழே காட்டினால் காயிலும் கெப்பாசிட்டரும் இடம் மாறியிருக்கும், அல்லது எங்கோ ஷார்ட். ஆம்பைத் தொடாதீர்கள்.

## பாதுகாப்பு

1. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுக் கிராஸ்ஓவருக்கு ஆம்ப் கொடுக்காதீர்கள். ஊஃபர் இல்லாதபோது 1 மில்லிஹென்றியும் 4 மைக்ரோஃபாரட்டும் 2,500 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, ஆம்புக்கு 0.4 ஓம் சுமைபோலத் தெரியும். அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். ட்வீட்டர் தனியாக எப்படி ஒலிக்கிறது என்று கேட்க விரும்பினால், கிராஸ்ஓவரின் ஊஃபர் வழி முழுவதையும் உள்ளீட்டிலிருந்தே பிரித்துவிடுங்கள்.
2. மின்விசிறி, மோட்டாரில் இருந்த கண்டென்சரை வெறுங்கையால் தொடாதீர்கள். மின்சாரம் நின்றபின்னும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரின் உடலைக் காப்பிட்ட குறடால் பிடித்து, அதன் கால்களை இரு முனையிலும் பத்து விநாடி வைத்து வெளியேற்றுங்கள். திருப்புளியால் ஷார்ட் செய்வது தீப்பொறி பறக்க வைக்கும்.
3. ஈயம் வைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.
4. சிமென்ட் ரெசிஸ்டர் கொதிக்கும். பலகையிலிருந்து 5 மி.மீ. உயர்த்தி, பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு படாமல் வையுங்கள்.
5. முதல் ஒலி மிகக் குறைந்த வால்யூமில். பேச்சுக் குரலைப் போட்டுக் கேளுங்கள். பத்து நிமிடம் கழித்துக் காயில், ரெசிஸ்டர், கெப்பாசிட்டரைத் தொட்டுப் பாருங்கள். கெப்பாசிட்டர் சுடவே கூடாது.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- ஓம் அளக்காமல் 8 என்று நம்பிப் பொருள் வாங்குவது.
- இரண்டு பெட்டிக்கும் வேறு வேறு லாட்டில் கண்டென்சர் வாங்குவது.
- போல்ட்டை எடுக்காமல் காயிலை அளப்பது. மீட்டர் கூடுதலாகக் காட்டும். நீங்கள் சுற்றைக் குறைப்பீர்கள். போல்ட்டை எடுத்ததும் மதிப்பு விழுந்துவிடும்.
- இரண்டு காயிலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது. ஊஃபரின் ஒலி ட்வீட்டர் வழிக்குள் கசியும்.
- குரல் மெலிந்து, பின்வாங்கி ஒலித்தால் உடனே புதுப் பொருள் வாங்க ஓடுவது. முதலில் ட்வீட்டரின் இரு ஒயரையும் மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் குரல் நிறைவாக வருகிறதோ அதுவே சரி.

## கடைக்குப் போகுமுன் சரிபார்க்க

1. இரண்டு ஊஃபர், இரண்டு ட்வீட்டரின் ஓம் அளந்து எழுதியாயிற்றா?
2. ட்வீட்டரின் ஒத்ததிர்வு எண் தெரியுமா? அதைப்போல் இரு மடங்குக்கு மேலே அதிர்வெண் தேர்ந்தாயிற்றா?
3. கண்டென்சர் மதிப்பும் காயில் மதிப்பும் ஒரே வரியிலிருந்து எடுத்தவையா?
4. மீட்டரில் பேட்டரி இருக்கிறதா? காந்தமும் பிளேடும் பையில் இருக்கின்றனவா?
5. பில் கேட்டு வாங்க வேண்டும் என்று நினைவிருக்கிறதா? கண்டென்சரை மாற்ற நேர்ந்தால் அதுதான் கை கொடுக்கும்.

ஐந்துக்கும் 'ஆம்' என்றால் கிளம்பலாம். முதலில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள். கண்டென்சரின் மதிப்பு கைக்கு வந்து, அளந்து உறுதியான பிறகுதான் காயிலுக்கு எத்தனை சுற்று என்பது முடிவாகும். கம்பிக்கடை அதற்குப் பிறகு.